ஸபுரா வீட்டுத் தலைவாசலில் நீர்யானை

கதை வந்திருக்கிறது என்று சொல்கிறவர் சொல்ல, வரட்டும் என்று கேட்கிறவர்கள் சொன்னால்தான் கதை உள்ளே வரும், இல்லாவிட்டால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருக்கும் என்பது இத்ரீஸின் ஊர் வழக்கமாம். அந்த இத்ரீஸ் யார் என்று பிறகு சொல்கிறேன், முதலில் மனசுக்குள்ளாவது ஒரு தடவை வரட்டும் என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாக உட்காருங்கள்.

நங்கூரப்பட்டினத்தில் ஸபுராவின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, கண் சிகிச்சை முகாமோ, புதுசாகத் திறக்கிற பேன்ஸி ஸ்டோரோ, எதுவானாலும் "அடுத்ததாக" என்று ஸபுரா மைக்கில் ஒரு இழுப்பு இழுத்தால்தான் அடுத்தது நடக்கும். பொம்பளப் பிள்ளைக்கு மைக் என்னத்துக்கு என்று ஆரம்பத்தில் முணுமுணுத்த ஊர்தான். அவள் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற அரிசி ஆலை ஹாஜியார், வெட்டச் சொல்ல ஆளில்லாமல் மதியம் லுஹர் பாங்கு சொல்கிற வரைக்கும் அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஆனால் பாருங்கள், ஊரில் உள்ள அத்தனை பேரையும் பேச அழைத்த அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்டது கிடையாது. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிற ஜக்கரியாவுக்கும் அவளுக்கும் பேசி முடித்து, ஒரு தடவை புயல் வந்து கல்யாணம் நின்றது, ஒரு தடவை கொரோனா வந்து நின்றது, ஒரு தடவை ஜக்கரியாவின் முதலாளி லீவு தரமாட்டேன் என்று நின்றது. ஒவ்வொரு தடவையும் "பரவால்ல உம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு மைக் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். பரவாயில்லாமல் எப்படி இருக்கும்? அவளுக்கு ஜக்கரியாவைப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். இந்தத் தடவை ஆள் ஊருக்கே வந்து இறங்கிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், அந்த நாளும் தவறினால் அவன் லீவு முடிந்து விமானம் ஏறிவிடுவான், அதற்கப்புறம் எந்தக் காலமோ.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம்தான் ஊர்க் கலைப் பேரவை அரபு ஆப்பிரிக்க நாட்டார் கலை விழா வைத்தது. சூடானிலிருந்தும் ஜான்ஸிபாரிலிருந்தும் ஓமனிலிருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம். சோழி கோத்த பெரிய யாழ் ஒன்று, பானை மாதிரி மண்ணில் செய்து தோல் கட்டிய மேளங்கள், அப்புறம் ஒரு ஆட்டக்காரர் இடுப்பில் கட்டியிருந்த ஒட்டியாணம், அதில் வரிசை வரிசையாக ஆட்டுக் குளம்புகள். அவர் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் மழை ஓட்டின் மேல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை குளம்பையும் இடுப்பில் கட்டிவிட்டாரே, ஆட்டுக்கால் பாயாவுக்கு என்ன செய்தார் என்று கறிக்கடை பாவா கவலைப்பட்டார். மேளம் அடித்த அம்மா நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட, நம் பெண்கள் பக்கத்திலிருந்து ஸபுராவின் உம்மா ருகையா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதிலுக்கு ஒரு குலவை விட்டாளே பார்க்கணும், மேடைக்கு ஒன்று கீழே ஒன்று என்று மாறி மாறி, யார் முதலில் மூச்சு வாங்குவது என்கிற போட்டியாகி, பல்செட் ஒன்று பறந்ததாகவும் சொல்கிறார்கள்.

கடைசியில் கதைசொல்லி இத்ரீஸ் எழுந்தார். தென்னை மரம் மாதிரி ஆள், சிரித்தால் பந்தலே வெளிச்சமாகிவிடும். அவர் அரபியில் சொல்லச் சொல்ல முத்தலிபு காக்கா தமிழில் சொன்னார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், இந்த முத்தலிபு காக்கா ஓமன் நாட்டு ஸலாலாவில் காலமெல்லாம் வீட்டு டிரைவராக இருந்தவர், ஆகவே அவர் வாயில் வந்த தமிழ் கொஞ்சம் ரோட்டு வாசனை அடித்தது.

"கதை வந்திருக்கு!" என்றார் இத்ரீஸ். "வரட்டும்!" என்று ஊரே கத்தியது.

ஆற்றில் மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடந்ததாம் ஒரு நீர்யானை. அக்கரையில் ஒரு கல்யாண வீடு. அங்கே அடித்த மேளம் தண்ணீர் வழியாக வந்து நீர்யானையின் வயிற்றில் இறங்க, அதன் பின்பக்கம் அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆட ஆரம்பித்துவிட்டதாம். ஆற்றைக் கடந்து, சோளக்காட்டைக் கடந்து, "லெஃப்ட் எடுத்து நேரா போய்" என்றார் முத்தலிபு காக்கா, கல்யாண வீட்டுத் தலைவாசலுக்கு வந்து தலையை உள்ளே நீட்டி, நானும் ஆட வரலாமா என்று கேட்டதாம். மேளம் நின்றது. எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். மணப்பெண் வாயைத் திறந்து...

அந்த நேரம் பார்த்துத்தானா அரிசி ஆலை ஹாஜியார் வரவேண்டும்? அவர் எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை, நேரத்துக்கு வந்தால் சிறப்பு விருந்தினர் என்று யார் நம்புவார்கள் என்பது அவர் கட்சி. பந்தல் முகப்பில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரிந்ததும் ஸபுராவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது, நீர்யானையின் பின்பக்கம் போலத்தான். இத்ரீஸின் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கி, "அவையோர் சற்றே கவனிக்கவும், நமது அழைப்பை ஏற்று, பல்வேறு பணிகளுக்கிடையே" என்று ஆரம்பித்துவிட்டாள். இத்ரீஸுக்குப் பொன்னாடை, மேளம் அடித்த அம்மாவுக்குப் பொன்னாடை, குளம்புக்காரருக்குப் பொன்னாடை, மிஞ்சின ஒன்றை வீணாக்குவானேன் என்று யாழுக்கும் ஒரு பொன்னாடை. பிறகு ஹாஜியார் அரிசியின் சிறப்பைப் பற்றிப் பேசினார். பேசி முடிக்கும்போது பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இத்ரீஸ் பலமுறை கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார், அவர் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தை நினைவுப் பரிசாகக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அந்த அவசரத்தில் ஒரு மேளமும் குளம்பு ஒட்டியாணமும் மேடையிலேயே கிடந்துவிட்டன.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் போக ஸபுராவின் வாப்பா தலைவாசல் கதவைத் திறந்தார். நீர்யானை தலையை உள்ளே நீட்டியது.

"ஏங்க, யாரு வாசல்ல?" என்று அடுப்படியிலிருந்து உம்மா கேட்டாள்.

"நேத்து கதையில வந்துச்சுல்ல, அதுதான்" என்றார் வாப்பா.

"அதுக்கு நம்ம வீடுதான் கிடைச்சுதாமா?"

"கல்யாண வீடுன்னுல்ல கதையில வருது. இந்த வாரம் ஊர்ல வேற யார் வீட்ல கல்யாணம்?"

உம்மாவுக்குப் பால்காரர் எப்படி வருவார் என்பது மட்டும்தான் யோசனை. தலையும் முன்னங்கால் இரண்டும் வீட்டுக்குள், மீதி முழுக்கத் தெருவில். நடுவில் நிலைப்படி அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாப்பா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார், வயசான கண் என்பதால் அவர் சத்தமாகத்தான் படிப்பார், விளையாட்டுச் செய்தி வந்தால் நீர்யானை ஒரு காதைத் திருப்பியது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மாட்டு டாக்டர் வந்து உள்ளே ஒரு தடவை வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே ஆள்தான், நல்ல ஆரோக்கியம், பொம்பள நீர்யானை என்று சொல்லிவிட்டுப் போனார். தலைப்பக்கம் பெண்களுக்கு என்றாகிவிட்டது. பின்வாசலில் ஓடுகிற முடுக்கு வழியாக வந்து, தர்ப்பூசணியை முழுசாக அதன் வாயில் வைத்து, அது ஒரே கடியில் நொறுக்குகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மனசு லேசானது போல் திரும்பிப் போவார்கள். முடுக்கு என்றால் எங்கள் ஊர் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போக வர மட்டும் என்று விட்ட சந்து, அவசரம் என்றால் தவிர ஆம்பளை எவனும் அதில் கால் வைக்கமாட்டான், வைத்தாலும் முன்கூட்டியே இருமிக்கொண்டுதான் வருவான். பின்பக்கம் தெருக்காரர்களுக்கு. டீக்கடைக்காரர் அதன் நிழலில் பெஞ்சைப் போட்டார், வெயிலுக்கு அதன் முதுகில் ஈரச் சாக்கு விரித்தார்கள், ஆட்டோக்காரர்கள் அதை ஒட்டித் திரும்பிப் பழகினார்கள், ஒரே வாரத்தில் அதன் இடது பக்கம் கண் பரிசோதனை முகாம் போஸ்டரும் வலது பக்கம் "ஜக்கரியா ஸபுரா திருமண விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம்" என்று மாப்பிள்ளையின் சேக்காளிகள் ஒட்டின போஸ்டரும் ஏறிவிட்டன. அனைவரையும் என்று போட்டிருந்ததை அப்போது யாரும் உற்றுப் பார்க்கவில்லை. சாணி விவகாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கலாம். இத்ரீஸ் தன் கதையில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நீர்யானை அந்த வேலையை வைத்துக்கொள்ளவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் ஆட்டம் எப்படி வந்தது என்றால், மேடையில் கிடந்த மேளத்தை யாரோ ஸபுரா வீட்டில் கொண்டுவந்து வைக்க, உம்மா தூசி தட்டுவதற்காக அதில் ஒரு தட்டுத் தட்டினாள். நீர்யானையின் தலை வலப்பக்கம் ரெண்டு அசைவு, இடப்பக்கம் ஒன்று, ஒரு சின்ன நிறுத்தம், பிறகு கன்னம் குலுங்க ஒரு வெட்டு. தெருவில் அதே நேரம் பின்பக்கம் அதே கணக்கில் ஆட, பெஞ்சில் இருந்தவர்களின் டீ எல்லாம் சட்டையில். அன்றிலிருந்து பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூடுவதும், உம்மா மேளம் தட்டுவதும், நீர்யானை ஆடிக் காட்ட இவர்கள் அதைப் பார்த்து ஆடுவதும் வழக்கமாகிப் போனது. வெளியே ஆம்பளைகள் பின்பக்கத்தைப் பார்த்துப் படித்தார்கள். இதனால் நங்கூரப்பட்டினத்தில் அந்த ஆட்டத்தைப் பெண்கள் தோளிலும் ஆண்கள் இடுப்பிலும் ஆடுகிறார்கள், எது சரி என்று இன்றைக்கும் சண்டைதான்.

இன்னொரு விஷயமும் நடந்தது. தெருவில் நின்று யாராவது அதன் பின்பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால், அந்தப் பேச்சு அதன் வயிற்றுக்குள் ஓடி உள்ளே வாய் வழியாகத் தர்ப்பூசணி மணத்தோடு வெளியே வந்தது, உள்ளே அதன் மூக்கருகே பேசினது அதே வழியாகத் தெருவுக்குப் போனது. நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நேருக்கு நேர் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. நீர்யானை வழியாகப் பேசக்கூடாது என்று எந்த ஜமாஅத்தும் சொல்லவில்லை. சாயங்காலமானால் ஜக்கரியா வந்து அதை ரெண்டு தட்டுத் தட்டுவான், உள்ளே அதன் காது ரெண்டு தரம் துடிக்கும், ஸபுரா ஓடிவந்து அதன் மூக்கருகே உட்காருவாள்.

"ஸபுரா, சாப்ட்டியா?" என்று நீர்யானை கேட்கும்.

"ம். நீங்க?"

"சாப்ட்டேன். உம்மா கோபமா இருக்கு."

ஜக்கரியாவின் உம்மா மைமூன் மாமி கோபப்படாத நாள் எது என்று கேட்காதீர்கள், ஆனால் இந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவரவேண்டும். வருகிறவன் தலைவாசல் வழியாக, வலது காலை எடுத்து வைத்து, ஊர் பார்க்க வரவேண்டும். "என் பிள்ள முடுக்குல பூந்து மாப்பிள்ள ஆகணும்னு தலையெழுத்தா? தலவாசல் திறந்தா கல்யாணம், இல்லாட்டி ஞாயித்துக்கிழம வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு வந்த வழியே திரும்பிடுவேன்" என்று மாமி முத்தலிபு காக்காவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். வேறு வீட்டில் வைப்போமா என்று வாப்பா கேட்டார். பெண் பிறந்த வீட்டை விட்டுவிட்டு இரவல் வாசலில் மாப்பிள்ளை எடுக்கிறதா என்று ரெண்டு வீட்டுக்காரர்களும் ஒன்று சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள், அந்த ஒரு விஷயத்தில்தான் சம்பந்திகளுக்குள் ஒற்றுமை.

அதனால் கதையை முடித்துவிடுவது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. கதை முடிந்தால் நீர்யானை போய்விடும், நியாயம்தானே? தமிழ் வாத்தியார் முதலில் வந்து, மணப்பெண் மறுத்துவிட்டாள், நீர்யானை தன் தவறை உணர்ந்து ஆற்றுக்கே திரும்பியது, ஆகவே மாணவர்களே, கூப்பிடாத இடத்துக்குப் போகக்கூடாது என்று முடித்தார். நீர்யானை கொட்டாவி விட்டது, வாத்தியாரின் கண்ணாடி புகைந்துபோனது. கறிக்கடை பாவா, கல்யாண வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் வயிறாரப் பிரியாணி என்று ஒரு முடிவு சொன்னார். நீர்யானை அவரையே பார்த்த பார்வையில் மனுஷன் மறுநாள் கடை திறக்கவில்லை. ஹாஜியார் வந்தார், ரெண்டு பொன்னாடையைச் சேர்த்துத் தைத்து அதற்குப் போர்த்தினார், நன்றியுரை சொன்னார், அதற்கும் அசையாததால் தேசிய கீதம் பாடச் சொன்னார். நீர்யானை உட்பட எல்லாரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். பாடி முடித்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், நீர்யானையைத் தவிர.

வேறு வழியில்லாமல் முத்தலிபு காக்கா இத்ரீஸை வீடியோ காலில் பிடித்தார். வாய் பிளந்து நின்ற நீர்யானையைப் போனில் கண்டதும் இத்ரீஸ் சிரித்த சிரிப்பில் ஆளே திரையிலிருந்து காணாமல் போனார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கையை ஆட்டி ஆட்டி ரொம்ப நேரம் பேசினார்.

"என்ன காக்கா சொல்றாரு?" என்றாள் ஸபுரா.

"வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே நீ சாவிய உருவிட்டுப் போயிட்டியாம்மா. இப்ப சாவி உன் கையிலதான் இருக்காம். அவரு வந்தாலும் ஸ்டார்ட் ஆகாதாம். மைக்க யாரு வாங்குனாங்களோ அவங்கதான் ஓட்டணுமாம்."

"எனக்கு ஆரம்பிச்சு வைக்கத்தான் காக்கா தெரியும். எதையும் நான் முடிச்சதே கெடயாதே."

"அதையும் சொன்னேன்மா. அப்ப இனிமே தெரிஞ்சுக்கட்டும்னுட்டாரு."

அவள் முயலாமல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்ததாக, நமது நீர்யானை அவர்கள் அனைவரிடமிருந்தும் விடைபெறுகிறார்கள்" என்றாள். நீர்யானை நகரவில்லை. "பல்வேறு பணிகளுக்கிடையே வருகை தந்தமைக்கு நன்றி" என்றாள். ம்ஹூம். கும்பிட்டுக் கேட்டாள், அதட்டினாள், "போய்ட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள், கடைசியில் அதன் மூக்கில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு இந்தக் கல்யாணம் வேணும், இந்தத் தடவை எனக்குப் பரவாயில்லாம இல்ல என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவள் சொன்னது தெருவில் ஜக்கரியாவுக்குக் கேட்டது, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எட்டுத் தெருக்காரர்களுக்கும் கேட்டது, எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. காலை வெயிலில் தஃப் மேளம் முழங்க, பைத் பாட்டுப் பாடிக்கொண்டு, மாலையும் தலைப்பாகையுமாக ஜக்கரியா வந்தான், பின்னால் அவன் சொந்தபந்தம், எல்லாருக்கும் முன்னால் மைமூன் மாமி பட்டுச் சேலை சரசரக்க. தஃப் சத்தம் கேட்டதும் நீர்யானை ஆட ஆரம்பிக்க, வீட்டுக்குள் விளக்கு, அண்டா, உம்மாவின் வளையல், எல்லாம் ஆடின. ஊர்வலம் நீர்யானையின் பின்பக்கத்தில் வந்து முட்டி நின்றது. தஃப் அடித்தவர்கள் கை ஓய்ந்து நிறுத்தினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. மாலையில் இருந்த மல்லிகை வாட ஆரம்பித்தது. ஜக்கரியா நீர்யானையை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றான்.

உள்ளே ஸபுரா கல்யாணச் சேலையில், மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, நீர்யானைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள், ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அதன் காது ரெண்டு தரம் துடித்ததை அவள் பார்த்தாள். நாலாவது தடவையும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது தெருவில் மைமூன் மாமிக்குப் பொறுமை போய்விட்டது. பெண் வீட்டு வாசலில் காக்கவைக்கப்பட்ட மாப்பிள்ளையின் தாய் எங்கே நின்றாலும் எதைச் சொல்வாளோ அதைத்தான் அவளும் சொன்னாள், ஆனால் அவள் வாய்க்கு நேரே இருந்தது நீர்யானையின் பின்பக்கம். ஆகவே உள்ளே இருந்தவர்கள் கண்டது இதுதான்: நீர்யானை தன் பெரிய வாயை மெள்ளத் திறந்தது, ஸபுராவைப் பார்த்தது, மனத்தாங்கலோடு கேட்டது.

"எம்புட்டு நேரமா வாசல்ல நிக்கிறேன். வாங்கன்னு சொல்ல இந்த வீட்ல ஒரு நாதி இல்லயா?"

ஸபுராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப் பாவமே! ஒரு வாரமாக வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறது. தர்ப்பூசணி கொடுத்தார்கள், பேப்பர் படித்துக் காட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஆட்டம்கூடக் கற்றுக்கொண்டார்கள், போகச் சொல்லி ஊரே வந்து விதவிதமாகச் சொன்னது. வாங்க என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லவில்லை. நானும் ஆட வரலாமா என்று அது கேட்டதற்கு மணப்பெண் வாயைத் திறந்தாள், அந்த வாயை மூடினது ஸபுராதான், இப்போது மணப்பெண்ணும் ஸபுராதான். வெட்கக்கேடு என்றால் இதைவிட ஒரு வெட்கக்கேடு உண்டா?

அவள் எழுந்தாள். மைக் கிடையாது, அடுத்ததாக கிடையாது, அவையோர் கிடையாது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அய்யோ, வாங்க! ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

வீடு மூச்சை உள்ளிழுத்து வயிற்றை எக்கிக்கொண்டது. இறுக்கமான சட்டைக்குப் பித்தான் போடும்போது நாமெல்லாம் செய்கிறதுதான், வீட்டுக்கு மட்டும் தெரியாதா என்ன? நிலைப்படி வழிவிட்டது. நீர்யானை வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தது, வயிறு வந்தது, பின்பக்கம் வந்தது, ரெண்டு போஸ்டர்களும் வந்தன, வால் வந்தது. அந்த அழைப்பு தனக்குத்தான் என்று நினைத்த மைமூன் மாமி, "இப்பவாவது வாய் வந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே, கோபமெல்லாம் இறங்கின முகத்தோடு அதன் பின்னாலேயே வலது காலை வைத்தாள், அவளுக்குப் பின்னால் ஜக்கரியா, அவனுக்குப் பின்னால் ஊர். தலைவாசல் ஹோவென்று திறந்து கிடந்தது.

உம்மா மேளத்தை மடியில் தூக்கி வைத்தாள். முற்றத்தில் நீர்யானை ஆடின ஆட்டத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, பார்த்தவர்களுக்கே இன்னும் இடுப்பு சரியாகவில்லை. குளம்பு ஒட்டியாணத்தைக் கட்டப் பார்த்தார்கள், இடுப்புக்கு எட்டவில்லை, கழுத்துக்கும் எட்டவில்லை, முன்னங்காலில் கொலுசு மாதிரி கட்டிவிட்டார்கள். மைமூன் மாமி சரியான கோபக்காரிதான், ஆனால் ஆட்டக்காரியும் கூட என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது; அவளும் நீர்யானையும் எதிரெதிரே நின்று தோளை வெட்டினபோது குலவைச் சத்தத்தில் காக்கை எல்லாம் அடுத்த ஊருக்குப் பறந்துவிட்டது.

பிறகு வாப்பா ரெண்டு சாட்சிகளோடு வந்து ஸபுராவின் முன்னால் நின்றார். "ஜக்கரியாவுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். இந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொள்வாள், பக்கத்தில் இருக்கிற மாமியோ, சித்தி முறையான சாச்சியோ "சம்மதமாம்" என்று சொல்லிவிடுவார்கள், அதுதான் பழக்கம். சாச்சி வாயைத் திறந்தாள். ஸபுரா மருதாணிக் கையால் அந்த வாயை மெதுவாகப் பொத்தினாள்.

"சம்மதம் வாப்பா" என்றாள். மைக் இல்லாமல் சொன்ன அந்த ஒரு வார்த்தை கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்டதாம். கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த ஜக்கரியா தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து முத்தலிபு காக்கா போனைத் தூக்கிக் காட்ட, எங்கிருந்தோ இத்ரீஸ் தன் ஊர் வழக்கப்படி, கதை முடிந்தது, இனிப்பா கசப்பா என்று கேட்டார். "இனிப்பு!" என்று வீடே கத்தியது. ஆனால் நீர்யானை போனது தலைவாசல் வழியாக இல்லை. பொம்பளை ஆள் அல்லவா, பின்வாசலில் இறங்கி முடுக்கு வழியாகக் கடலைப் பார்க்க நடந்தது, குளம்புகள் கலகலக்க. பக்கத்து வீட்டுப் பின்வாசலில் நின்ற பெண், நேற்று வரைக்கும் ஊர் செய்த தப்பை நாமும் செய்யக்கூடாது என்று, "வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அது உள்ளே போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தது. அடுத்த வீட்டிலும் வாங்க என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் சும்மா இருப்பார்களா, அவர்களுக்கு என்ன குறைச்சல்?

ஜக்கரியா லீவு முடிந்து மஸ்கட் போனான், அடுத்த மாதமே அவளைக் கூப்பிட்டுக்கொள்ள விஸாவும் போட்டான், ஆனால் அதற்குள் இத்ரீஸின் கூட்டம் விட்டுப்போன மேளத்தை வாங்கிப்போக வருகிறோம் என்று சொல்ல, அந்த விழா முடியாமல் எப்படி வருவது என்று ஸபுரா சொல்லிவிட்டாள். அந்த விழா நாளும் வந்தது, பந்தல் நிறைந்த கூட்டம், இத்ரீஸ் கதை நடுவில் இருந்தார். வழக்கம்போல ஹாஜியாரின் வெள்ளைத் தொப்பி முகப்பில் தெரிந்தது, கையில் பொன்னாடை. கூட்டம் முழுக்க ஹாஜியாரைப் பார்த்தது, பிறகு ஸபுராவைப் பார்த்தது.

ஸபுரா மைக்கின் பக்கமே போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "வாங்க ஹாஜியார், உள்ள வாங்க. சத்தம் போடாம அப்படி உக்காருங்க, கதை நடுவுல நிக்குது" என்றாள்.

ஹாஜியார் உட்கார்ந்தார். பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு கதையைக் கடைசி வரைக்கும் கேட்டார், அவர் முழுசாகக் கேட்ட முதல் கதை அதுதானாம், இனிப்பு என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினதும் அவர்தான். அந்த நேரம் மீனவர் தெருப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து குளம்புச் சத்தமும் குலவையும் கேட்டன. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் நீர்யானை இன்னும் போய்ச் சேரவில்லை.